ஹெர்பிராண்ட் ரசல், பெட்ஃபோர்டின் 11ஆம் கோமகன்

ஹெர்பிராண்ட் ஆர்தர் ரசல் (பெப்ரவரி 19, 1858 - ஆகஸ்ட் 27, 1940) என்பவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெருநிலக்கிழாரும், படை அலுவலரும், விலங்கு வளர்ப்பாளரும் ஆவார். பெட்ஃபோர்டு கோமகன் (டியூக்) என்னும் பரம்பரைப் பட்டத்தை 1893 முதல் தம் இறப்பு வரை வகித்தார். 1899 முதல் 1936 வரை இலண்டன் விலங்கியல் கழகத்தின் தலைவராக இருந்தார். சீனாவில் முற்றிலும் அற்றுப்போன மிலு மானினம் இன்றும் உலகில் இருப்பதற்கு இவரது முயற்சியே முதற்காரணம் ஆகும். ஆசியாவைச் சேர்ந்த வேறு இரு மானினங்கள் இங்கிலாந்தின் காடுகளில் அயலினங்களாகப் பரவியதற்கும் இவரது வோபர்ன் பூங்காவே தொடக்க இடம் ஆகும்.

இளமையும் படைப்பணியும்

ஹெர்பிராண்ட், 9ஆம் கோமகனான பிரான்சிஸ் ரசலின் இரண்டாவது மகன். மூத்த மகனே பட்டத்துக்கு உரியவர் என்பதால், இவர் கோமகன் ஆவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் பயின்ற பின்னர், 1879இல் கிரனடியர் காவற்படையில் அலுவலராகச் சேர்ந்தார். 1882ஆம் ஆண்டு எகிப்தியப் போரில் பங்கேற்றார்.

பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த டஃபரின் பிரபுவின் உதவி அலுவலராக (ஏ.டி.சி.) இந்தியாவுக்கு வந்தார். டஃபரின் பிரபு 1884 முதல் 1888 வரை அப்பதவியில் இருந்தார். அக்காலத்தில் லாகூரின் ஆர்ச்டீக்கனாகப் பணியாற்றிய வால்ட்டர் டிரைப் என்னும் ஆங்கிலிக்கன் குருவின் மகளான மேரி டிரைப் என்பவரை இவர் சந்தித்தார். இருவரும் 1888 சனவரி 30 அன்று கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாரக்பூரில் மணம் புரிந்தனர். கோமகன் குடும்பத்தார் தமக்கு நிகரான செல்வமோ குலப்பெருமையோ இல்லாத வீட்டில் பெண் எடுப்பது அக்காலத்தில் அரிது.

கோமகன் பட்டம்

1891இல் தந்தை இறந்ததும் அண்ணன் ஜார்ஜ் 10ஆம் கோமகன் ஆனார். இரண்டே ஆண்டுகளில், 1893 மார்ச்சில், அவரும் நீரிழிவு நோயால் இறந்தார். அவருக்கு வாரிசு இல்லை. எனவே முப்பத்தைந்து வயதில் ஹெர்பிராண்ட் இங்கிலாந்தின் பெரும் செல்வங்களுள் ஒன்றுக்கு உரியவரானார். இலண்டனில் புளூம்ஸ்பரி, கோவன்ட் கார்டன் ஆகிய பகுதிகளும், பெட்ஃபோர்டுசயர், டெவன் முதலிய மாவட்டங்களில் பரந்த நிலங்களும் இக்குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தன. வேளாண் நிலங்களிலிருந்து வருவாய் குறைந்து வருவதைக் கணக்குகளோடு விளக்கி 1897இல் இவர் ஒரு நூலும் வெளியிட்டார். கோவன்ட் கார்டன் சந்தைப் பகுதியை முதல் உலகப் போர்க் காலத்தில் விற்றுவிட்டார்.

1900இல் இலண்டனின் ஹோல்பர்ன் பகுதியின் மேயராகவும், 1908 முதல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் இருந்தார். எனினும் அரசியலும் நகர வாழ்வும் இவரை ஈர்க்கவில்லை. இவரது மனம் வோபர்ன் பூங்காவிலேயே இருந்தது.

வோபர்ன் மான் பூங்கா

வோபர்ன் மாளிகை இலண்டனுக்கு வடக்கே பெட்ஃபோர்டுசயரில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியத் துறவிகளின் மடமாகத் தொடங்கிய அவ்விடம் 16ஆம் நூற்றாண்டில் ரசல் குடும்பத்துக்கு வந்தது. மாளிகையைச் சூழ்ந்த பூங்கா ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்புடையது.

பிரபுக்கள் தம் பூங்காக்களில் மான் வளர்ப்பது இங்கிலாந்தில் பழைய வழக்கம். ஐரோப்பாவின் செம்மானும், நார்மானியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஃபாலோ மானும் அவ்வாறு வளர்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வழக்கம் வேறு வடிவம் பெற்றது. ஒரு நாட்டின் விலங்குகளை வேறு நாட்டில் பழக்கப்படுத்தினால் நாடு வளம் பெறும் என்னும் கருத்து பரவியது. இதற்கென இங்கிலாந்து, பிரான்சு, ஆசுத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் கழகங்கள் தோன்றின. 1860இல் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட் பிரபு யப்பானின் சிகா மான்களைத் தம் பூங்காவில் விட்டார். அவற்றின் வழித்தோன்றல்கள் பின்னர் அயர்லாந்தின் மலைகளில் பரவிச் செம்மான்களோடு கலந்தன.

ஹெர்பிராண்ட் இப்போக்கின் பிற்காலப் பிரதிநிதி. ஆசியா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்து கிடைத்த மானினங்களை எல்லாம் 1890களில் வோபர்னுக்கு வருவித்தார். புள்ளிமான், சதுப்புநில மான், சிகா மான், வாபிட்டி எனத் தொகுப்பு விரிந்தது. குளிர் தாங்காமல் பல இனங்கள் மடிந்தன. சில இனங்கள் செழித்தன. இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றி நாடு திரும்பிய விலங்கியலாளர் ரிச்சர்ட் லைடெக்கர் 1898இல் உலக மான்களைப் பற்றி எழுதிய பெருநூலுக்கு இத்தொகுப்பு பெரிதும் பயன்பட்டது.

இவரை வெறும் காட்சிப் பொருள் சேர்ப்பவராகக் கருதுவது பொருந்தாது. தோட்டப் பயிர்களை ஆராய்வதற்கென இவரும் வேதியியலாளர் ஸ்பென்சர் பிக்கரிங்கும் 1894இல் வோபர்ன் அருகே ஒரு பழப்பண்ணையைத் தொடங்கினர். மான்களையும் இவர் அதே ஆய்வு நோக்குடன்தான் பார்த்தார். ஆனால் ஓரினம் புதிய மண்ணில் வாழுமா என்னும் கேள்வியே அன்றைய ஆய்வின் மையமாக இருந்தது. வாழத் தொடங்கிய பின் அம்மண்ணுக்கு என்ன ஆகும் என்பதை அக்காலத்தில் மிகச் சிலரே கேட்டனர்.

மிலு மானின் மீட்பு

மிலு என்பது சீனாவின் சதுப்பு நிலங்களில் வாழ்ந்த பெரிய மான். அதன் கொம்பு மானையும், முகம் குதிரையையும், குளம்பு மாட்டையும், வால் கழுதையையும் ஒத்திருந்தாலும் முழுமையாக எதனையும் ஒவ்வாதது என்ற பொருளில் சீனர் அதற்கு ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தனர். காட்டு நிலையில் அது நெடுங்காலத்துக்கு முன்பே மறைந்துவிட்டது. பெய்ஜிங் நகருக்குத் தெற்கே, நான்ஹாய்சி என்னும் மதில் சூழ்ந்த பேரரசரின் வேட்டைப் பூங்காவில் மட்டும் ஒரு கூட்டம் எஞ்சியிருந்தது. பிரெஞ்சுப் பாதிரியாரும் இயற்கையியலாளருமான ஆர்மன் டாவிட் 1865இல் அம்மதிலுக்கு மேலாக அவற்றைக் கண்டார். அடுத்த ஆண்டில் அவர் பாரிசுக்கு அனுப்பிய தோல்களைக் கொண்டு அல்போன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ் இவ்வினத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தார். மேனாட்டில் இது அப்பாதிரியாரின் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் சில உயிருள்ள மான்கள் ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலைகளை அடைந்தன.

1890களின் நடுவில் யோங்டிங் ஆற்றில் வந்த வெள்ளம் பூங்காவின் மதிலை உடைத்தது. வெளியேறிய மான்களைப் பசியால் வாடிய மக்கள் கொன்று உண்டனர். எஞ்சியவை 1900ஆம் ஆண்டு பாக்சர் கிளர்ச்சியின்போது அழிந்தன. தாய்நாட்டில் மிலு இல்லாமல் போயிற்று.

ஐரோப்பியக் காட்சிச்சாலைகளில் ஓரிரண்டாகச் சிதறிக் கிடந்த மிலு மான்கள் பெருகும் நிலையில் இல்லை. ஹெர்பிராண்ட் 1894 முதல் 1901 வரை அவற்றைச் சிறிது சிறிதாகப் பெற்று மொத்தம் 18 மான்களை வோபர்னில் சேர்த்தார். அவற்றுள் 11 மட்டுமே இனப்பெருக்கத்தில் பங்கு கொண்டன எனக் கருதப்படுகிறது. திறந்த புல்வெளியும் குளங்களும் அவற்றுக்கு ஏற்றவையாக அமைந்தன. முதல் உலகப் போர் தொடங்கியபோது கூட்டம் 90ஐ நெருங்கியிருந்தது. போர்க்காலத் தீவனப் பஞ்சத்தால் அது ஏறத்தாழ 50 ஆகக் குறைந்தது. அப்போது உலகில் இருந்த மிலு மான்கள் அவ்வளவே. கூட்டம் மீண்டும் பெருகிற்று. எனினும் ஹெர்பிராண்டின் காலம் முழுவதும் இவ்வினம் ஒரே பூங்காவை நம்பியே இருந்தது. ஒரு கொள்ளைநோய் வந்திருந்தாலும் அதன் கதை முடிந்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவரது மகனே மான்களைப் பிற காட்சிச்சாலைகளுக்குப் பிரித்தனுப்பி அந்த ஆபத்தை நீக்கினார்.

கேளையாடுகளின் பரவல்

தமிழ்நாட்டின் மலைக்காடுகளில் வாழும் கேளையாடு, பெயரில் ஆடு இருப்பினும், மான் குடும்பத்தைச் சேர்ந்தது. நாய் குரைப்பது போல ஒலி எழுப்பும் சிறிய விலங்கு. இந்தியக் கேளையாடும் அதன் உறவினமான சீனக் கேளையாடும் 1890களில் வோபர்னுக்கு வந்து சேர்ந்தன. சீன இனம், கண்டன் நகரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை ஆய்வாளராக இருந்த ஜான் ரீவ்ஸ் என்பவரின் பெயரால் ரீவ்ஸ் கேளையாடு எனப்படுகிறது. தோள் உயரம் அரை மீட்டர் அளவே உள்ளது. இந்திய இனம் இங்கிலாந்தில் நிலைக்கவில்லை. அதனை அகற்றிவிட்டுச் சீன இனத்தையே கோமகன் வளர்த்தார். 1901இல் பூங்காவுக்கு வெளியே சுற்றியுள்ள காடுகளில் சீனக் கேளையாடுகள் சில விடப்பட்டன. பூங்காவிலிருந்து தப்பியவையும் உண்டு.

இங்கிலாந்தில் பரவியுள்ளது இவ்விரு இனங்களின் கலப்பே என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அது தவறு. ரீவ்ஸ் கேளையாட்டுக்கு 46 நிறப்புரிகள் உள்ளன. இந்தியக் கேளையாட்டின் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7 மட்டுமே. பாலூட்டிகளுள் இதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. இவ்விரு இனங்களும் கூடினால் பிறக்கும் கன்று மலடாக இருக்கும் என்பதால், கலப்பினம் ஒன்று நாடு முழுவதும் பரவ வாய்ப்பே இல்லை.

இச்சிறு மான் வெற்றி பெற்றதற்கான காரணம் அதன் இனப்பெருக்க முறையில் உள்ளது. வடபுலத்தின் பெரிய மான்கள் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் கூடுகின்றன. கேளையாட்டுக்குப் பருவம் இல்லை. ஏழு மாதச் சினைக்காலம் முடிந்து கன்று ஈன்ற சில நாட்களிலேயே பெண்மான் மீண்டும் சினையாகிறது. பிறந்த கன்றும் ஓராண்டுக்குள் முதிர்ச்சி அடைகிறது. கூட்டமாகத் திரியாமல் புதர்களில் தனித்து மறைந்து வாழ்வதால், அது ஓர் ஊருக்கு வந்துவிட்டதை ஊரார் அறியவே சில ஆண்டுகள் ஆகும். வோபர்னின் புல்வெளியில் கண்ணுக்குத் தெரியக் கூட்டமாக மேய்ந்த மிலு மானோ வேலியைத் தாண்டி ஒருபோதும் நாட்டில் பரவவில்லை.

கேளையாடு தானாகப் பரவும் வேகம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மட்டுமே. அவ்வேகத்தில் அது வோபர்னிலிருந்து இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதி முழுவதையும் ஒரு நூற்றாண்டுக்குள் அடைந்திருக்க முடியாது. 1994இல் வெளியான விரிவான ஆய்வொன்று, 1930கள் முதற்கொண்டு மனிதர் வேண்டுமென்றே பிடித்துச் சென்று தொலைவிடங்களில் விட்டதே பரவலை விரைவுபடுத்தியது எனக் காட்டியது. 2016இல் வெளியான மரபணு ஆய்வு, இன்றுள்ள பெருந்தொகை நான்கைந்து பெண்மான்களிலிருந்தே தோன்றியிருக்கலாம் எனக் கண்டது. எனவே பழியை எல்லாம் கோமகன் மீது சுமத்துவது சரியன்று. அவர் தொடங்கி வைத்ததைப் பின்வந்த பலர் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பரப்பினர். ஆயினும் அந்நான்கைந்து பெண்மான்கள் இவர் திறந்த வாயில் வழியாகவே வந்தன என்பதும் மறுக்க முடியாதது.

1995இல் பிரித்தானியாவில் சுமார் 40,000 கேளையாடுகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2018இல் வெளியான மதிப்பீடு ஒரு இலட்சத்தைத் தாண்டியது. கேம்பிரிட்ஜ்சயரின் மாங்க்ஸ் காடு இவற்றின் விளைவு நன்கு ஆராயப்பட்ட இடமாகும். அங்கு நீலமணிப் பூச்செடிகள் மேயப்பட்டன. வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் கிளைகள் வளர முடியாமல் போயின. காட்டின் கீழ்ப்புதர் அழியும்போது அதில் கூடு கட்டும் நைட்டிங்கேல் போன்ற பறவைகளும் இடம் இழக்கின்றன. மான் நுழையாதபடி வேலியிட்ட பகுதிகளில் இப்பறவை கூடுதலாகக் காணப்படுவது சஃபோக் மாவட்ட ஆய்வில் உறுதியாயிற்று.

1997 முதல் உரிமம் இன்றிக் கேளையாட்டைக் காட்டில் விடுவது பிரித்தானியாவில் குற்றமாக்கப்பட்டது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் முதல் ஆக்கிரமிப்பு அயலினப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. அயர்லாந்தில் இது 2000களில் கண்டறியப்பட்டது. கடலைக் கடந்து அது தானாக வந்திருக்க இயலாது.

சீன நீர்மான்

கொம்பில்லாத, ஆணுக்கு நீண்ட கோரைப்பற்கள் உள்ள சீன நீர்மானையும் கோமகன் 1890களில் வோபர்னுக்குக் கொணர்ந்தார். இலண்டன் விலங்கியல் கழகம் 1931இல் திறந்த விப்ஸ்னேடு விலங்குப் பூங்காவுக்கும் வோபர்னிலிருந்து நீர்மான்கள் அனுப்பப்பட்டன. இரு பூங்காக்களிலிருந்தும் தப்பியவை பெட்ஃபோர்டுசயர், கேம்பிரிட்ஜ்சயர், நோர்ஃபோக் ஆகிய மாவட்டங்களின் ஈரநிலங்களில் நிலைபெற்றன. கேளையாட்டைப் போல் இது காடுகளைச் சிதைப்பதில்லை. சீனாவில் வாழிடம் சுருங்கி வேட்டையும் மிகுந்ததால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிய வாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. எனவே ஆங்கிலேய இயற்கையியலாளர்கள் இதனை அயலினம் என விலக்குவதா, காப்பதா என்பதில் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை.

பிற விலங்குகள்

1904இல் நியூசிலாந்து அரசுக்கு இமாலய வரையாடுகளைக் கோமகன் அன்பளிப்பாக அனுப்பினார். அவை அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான குக் மலைப் பகுதியில் விடப்பட்டன. (இது தமிழ்நாட்டின் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டிலிருந்து வேறானது.) வேட்டையாடும் விலங்கு இல்லாத அம்மலைகளில் அவை பல்லாயிரக்கணக்கில் பெருகி, பாலூட்டிகளின் மேய்ச்சலையே அறியாத மலைச்செடிகளை அழித்தன. 1993இல் நியூசிலாந்து அரசு வகுத்த திட்டம் அவற்றின் எண்ணிக்கைக்கு 10,000 என உச்சவரம்பு விதித்தது.

வட அமெரிக்கச் சாம்பல் அணில் இங்கிலாந்தில் முதலில் விடப்பட்டது 1876இல் செசயர் மாவட்டத்திலாகும். 1890இல், ஹெர்பிராண்ட் பட்டம் பெறுவதற்கு முன்பே, வோபர்னிலும் அது விடப்பட்டது. இவர் காலத்தில் அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கு அணில்கள் பரிசாகச் சென்றன. நாட்டின் சொந்தச் செவ்வணில் இன்று இங்கிலாந்தின் பெரும்பகுதியில் மறைந்துவிட்டதற்கு இவ்வயல் அணிலும் அது சுமந்து வந்த நச்சுயிரியுமே காரணம்.

மங்கோலியக் காட்டுக்குதிரையான பிரெசவால்ஸ்கி குதிரையின் குட்டிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக்கின் 1901ஆம் ஆண்டு முயற்சிக்கு இவரது வேண்டுகோளும் காரணமாக இருந்தது. ஐரோப்பியக் காட்டெருதையும் வோபர்னில் வளர்த்தார்.

குடும்பமும் இறுதிக் காலமும்

கோமகன் பிறரோடு அதிகம் பழகாதவர். மாளிகையில் ஏராளமான பணியாளர் இருந்தும், ஒழுங்கு பிறழாத தனிமை வாழ்வையே நடத்தினார் என்று இவரது பேரனான 13ஆம் கோமகன் 1959இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். ஒரே மகன் ஹேஸ்டிங்ஸ் முதல் உலகப் போரில் படையில் சேர மறுத்ததால் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நீண்ட கால மனமுறிவு ஏற்பட்டது. அதே போரில் தந்தை ஆம்ப்ட்ஹில் பூங்காவில் படைவீரர் பயிற்சி முகாம் ஒன்றைத் தம் செலவில் நடத்தினார்.

மனைவி மேரி மருத்துவமனை நிறுவி அதில் தாமே பணியாற்றியவர். பறவை ஆர்வலர், ஒளிப்படக் கலைஞர். காது கேளாமையும் காதிரைச்சலும் வாட்டிய நிலையில் அறுபது வயதுக்கு மேல் வானூர்திப் பயணத்தில் ஈடுபட்டார். 1929இல் இங்கிலாந்திலிருந்து கராச்சிக்குச் சென்று எட்டே நாட்களில் திரும்பி வந்த பயணத்தால் புகழ் பெற்றார். 1937 மார்ச்சில் தனியாக வானூர்தி ஓட்டிச் சென்றவர் திரும்பவில்லை. அவரது உடலும் கிடைக்கவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின், 1940 ஆகஸ்ட் 27 அன்று, வோபர்னில் தம் 82ஆம் வயதில் ஹெர்பிராண்ட் காலமானார்.

மிலு தாய்நாடு திரும்புதல்

1956இல் இலண்டன் விலங்கியல் கழகம் நான்கு மிலு மான்களைப் பெய்ஜிங் காட்சிச்சாலைக்கு அனுப்பியது. ஆயினும் அங்குக் கூட்டம் உருவாகவில்லை. 1985இல் ஹெர்பிராண்டின் கொள்ளுப்பேரனும் பின்னாளில் 14ஆம் கோமகன் ஆனவருமான ராபின் ரசல், வோபர்னிலிருந்து இருபதுக்கும் மேற்பட்ட மான்களைச் சீனாவுக்கு அன்பளித்தார். அவற்றுள் பெரும்பாலானவை, முன்னோர் அழிந்த அதே நான்ஹாய்சியில் விடப்பட்டன. அடுத்த ஆண்டில் யாங்சு மாகாணத்தின் தாஃபெங் காப்பகத்துக்குப் பிரித்தானியக் காட்சிச்சாலைகளிலிருந்து 39 மான்கள் சென்றன. ஹூபெய் மாகாணத்தின் சிசோ காப்பகத்தில் 1998ஆம் ஆண்டு யாங்சி ஆற்று வெள்ளத்தின்போது சில மான்கள் வெளியேறி, ஆற்றங்கரைச் சதுப்புகளில் மனிதர் துணையின்றி வாழத் தொடங்கின. இன்று சீனாவில் பல ஆயிரம் மிலு மான்கள் உள்ளன. அவை யாவும் வோபர்னில் சேர்க்கப்பட்ட 18 மான்களின் வழிவந்தவை.

பெயரீடு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்காசியாவின் பாலூட்டிகளைத் திரட்டுவதற்காகக் கோமகன் நிதியளித்த ஆய்வுப் பயணத்தின் சேகரிப்புகளை இலண்டனில் ஓல்ட்ஃபீல்டு தாமஸ் ஆராய்ந்து விவரித்தார். சீனாவின் மலைகளில் வாழும் அரிய கொறிணி ஒன்றுக்கு அவர் 1911இல் பெட்ஃபோர்டின் பெயரைச் சூட்டினார்.